சித்தியின் ஆறு நாள் காமாலை

சித்திக்கு மஞ்சள் காமாலை என்று எர்ணாவூர்க் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் செய்தி பரப்பியவள் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: யாராவது கேட்டால் காமாலை என்று சொல். கண்ணெல்லாம் எலுமிச்சம்பழம் போலிருக்கிறது என்பது நான் சேர்த்துக்கொண்டது.

சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் காமாலை என்றால் காமாலைதான் என்று நானும் நம்பினேன். இப்போது மீஞ்சூரில் டிபன் கடை வைத்திருக்கும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதேன், இன்னா இப்போ?” என்றாள். காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் அவளாலேயே முடியாதாம்.

எங்கள் பக்கத்தில் காமாலையை ஆஸ்பத்திரியோடு விட்டுவிட மாட்டார்கள். மறுநாளே கீழாநெல்லி உருண்டைகள் வந்தன, சொம்பு சொம்பாக மோர் வந்தது. உப்பும் எண்ணெயும் கூடாதென்று எதிர்வீட்டு அத்தை எங்கள் அடுப்படிக்கே வந்து காவல் நின்றாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அம்மா உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். சித்தி அதைத்தான் மூன்று வேளையும் குடித்தாள். மீன் பிடிக்கிற அப்பாவின் வீட்டில் ஆறு நாள் மீன் வாசனையே இல்லை.

ஏழாம் நாள் அத்தை, திருவொற்றியூரிலிருந்து காமாலை இறக்குகிற ஆளையே கூட்டிவந்துவிட்டாள். வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொல்ல அத்தைக்கு வேகம் கூடியது. அந்த ஆள் சித்தியின் கைகளைத் தட்டின் மேல் நீட்டச் சொல்லி, ஏதோ பொடி தடவி, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தட்டில் பளீரென்று மஞ்சள் இறங்கியது.

“எம்மாம் மஞ்சா பாத்தியாம்மா! இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா ஆளு காலி,” என்றார்.

சித்தி சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அவள் சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கியது, எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை.

“எனக்குக் காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. நானேதான் சாவப் பாத்தேன்.”

காதோடு யாரோ அறைந்தது போலிருந்தது எனக்கு. அப்பா கடலுக்குப் போகிறவர். சாவு என்பது கடலில், வாழ ஆசைப்படுகிறவர்களைத் தேடி வருவது. அது வந்துவிடக் கூடாதென்றுதான் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதும் கும்பிடுவதும். அதைத் தானாகத் தேடிப் போக முடியும் என்பது, அதுவும் தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிற சித்தி போயிருக்கிறாள் என்பது, என் மண்டையில் ஏறவே இல்லை. காமாலை இறக்க வந்தவர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அடிப்பாவி, அதுக்கா ஆறு நாளா உப்பில்லாத கஞ்சி துன்ன?” பிறகு அம்மா பக்கம் திரும்பி, “ஏம்மா, பொய் சொல்றதுக்கு வேற சீக்கே கெடைக்கலியா ஒனுக்கு?”

அத்தை சித்தியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மீன் விலை கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“அந்த நெனப்பு இன்னும் வருதா?”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாளே என்று அம்மா பதறிப்போனாள். சித்தி பதறவில்லை.

“வருதுக்கா. தனியா இருந்தா வருது.”

“டாக்டராண்ட சொன்னியா?”

“இல்ல.”

“நாளைக்கு நானும் வரேன், சேந்து சொல்லலாம். இப்ப எழுந்து கைய கழுவு. எங்க வூட்ல நெத்திலி கொழம்பு கீது.”

அன்றிலிருந்து எங்கள் வீடு சந்தையானது. காலையில் அத்தை உரிக்க வேண்டிய இறாலைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வருவாள். அவள் எழுந்தால் மேல்மாடி அக்கா பூ கட்ட வந்து உட்காருவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் சித்தியோடு ஷேர் ஆட்டோ ஏற யாராவது ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். எனக்கு வீட்டுப்பாடம் எழுத இடமில்லை. நோட்டெல்லாம் இறால் நாற்றம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“உங்க வூட்ல ஃபேன் இல்லியா அத்தை?”

“கீதுடி. உங்க வூட்டு ஃபேனு மாதிரி ஓடாது,” என்றாள் அத்தை, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் மாடிப் பெண்களைப் போல வேலைவெட்டி இல்லாதவர்கள் உலகத்திலேயே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பித் தள்ளினேன். அத்தனை மாதங்களில் சித்தி ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்கவில்லை என்பது, பக்கத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவே இல்லை.