பேய் வராத வாரம்

எங்கள் அத்தைக்குப் பேய் பிடித்திருந்த காலத்தில்தான் தொலைக்காட்சியிலும் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருந்தது. ஒவ்வொரு கதையாக வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த மர்மத் தொடர் அது. புதன்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் சந்து முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். பனியன் கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குண்டடத்தில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆவதற்குள் முதுகெல்லாம் காயத்தோடு திரும்பி வந்திருந்தாள். பேய் அடித்தது என்றார்கள், நானும் நம்பினேன். பேய் விலகும்வரை புருஷன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அது மரியாதை தெரிந்த பேய். அத்தை கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும்போது ஒருநாளும் வந்ததில்லை. அவள் புருஷன், எங்கள் மாமாவின் மொபெட் சத்தம் சந்து முனையில் கேட்டால் மட்டும் வரும்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. ஒரு குடம் தண்ணீருக்குக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

தொடரில் அந்தக் கதை முடிகிற வாரம் வந்தது. பேயின் முகத்தைக் காட்டுவார்கள் என்று தலையணையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது ஒரு டாக்டர். பேயே இல்லையாம். புருஷனுக்குப் பயந்து அந்தப் பெண் நடித்தாளாம். அவள் அழுதாள், அவன் மன்னித்தான், புல்லாங்குழல் வாசித்தார்கள், முடிந்தது. இத்தனை மாதம் பயமுறுத்திவிட்டு இப்படியா ஏமாற்றுவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்பா எழுந்து டிவியை நிறுத்தினார்.

“ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைய வரச் சொல்றேன். துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மொபெட் சத்தம் கேட்டது. அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேய் வரவில்லை. மாமா சிரித்துக்கொண்டே உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தார். அப்போது சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, கண்கள் செருகி, உடம்பு ஆட வெளியே வந்தது எங்கள் அம்மா.

“கைய எடு. இவ இந்தப் படியத் தாண்டுனா உம்பட ஊட்டுக்கு நானும் வருவேன்.”

மாமாவை அதுவரை “வாங்கண்ணா” என்றுதான் அம்மா கூப்பிடுவாள். ‘ங்க’ போடாமல் அவள் பேசி அன்றுதான் கேட்டேன். டாக்டர் சொன்ன காரணம் அம்மாவுக்குப் பொருந்தாது என்பதால் அப்பாவும் சுவரோரம் ஒதுங்கினார். மாமா செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடினார்.

மொபெட் சத்தம் தேய்ந்ததும் அம்மா கொண்டை போட்டுக்கொண்டு போய் அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறினாள். அத்தை பின்னாலேயே போய் அவள் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாள். பேய் பிடித்தவளை யாராவது கட்டிப்பிடிப்பார்களா என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அம்மா பக்கத்தில் படுக்கவில்லை. அத்தை தப்பித்துவிட்டாள், பாவம், அம்மா மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்தப் பேய் அம்மாவை விட்டுப் போய்விட வேண்டும் என்று தினமும் சாமி படத்தின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். ஆனால் மாமா வந்தபோதெல்லாம் பேயும் வந்தது. இவ்வளவு வேண்டியும் சாமி ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.