இரண்டு கட்சிக்கும் சுண்டல்

போன தேர்தலின்போது ஒரு முடிவு எடுத்தேன். இந்த முறையாவது நாலு விஷயம் விசாரித்து ஓட்டுப் போட வேண்டும் என்று. அதற்கு முன்னால் நான் போட்ட ஓட்டுகள் எல்லாம் ஜூரோங்கில் கப்பல் பட்டறைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் முடிவானவை. பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதுதான் எனக்கு வேதவாக்கு. அதை வீட்டில் வந்து சொல்வேன்; என் மனைவியும் அதற்கே போடுவாள். இப்போது வேலையிலிருந்து நின்றாயிற்று. பஸ்ஸும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

விசாரிக்க வேண்டிய அவசியமும் இருந்தது. தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து தேக்கா போகும் பஸ்ஸைப் பிடிக்க, பெரிய ரோட்டுக்கு மேலே போகும் நடைபாலத்தில் ஏறி இறங்க வேண்டும். அதற்கு லிப்ட் கிடையாது. மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வெள்ளி தவறாமல் தேக்காவில் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய் அம்பாளைப் பார்த்துவிட்டு வந்தவள், மூன்று மாதமாக வீட்டுப் படத்துக்கே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும் போய்க் குங்குமம் கொண்டுவந்து நீட்டும்போது எனக்குத்தான் என்னவோ போல் இருக்கும்.

“பாலத்துக்கு லிப்ட் யாரு போடுவாங்கன்னு கேட்டு வைங்க. மத்ததெல்லாம் அப்புறம்,” என்றாள்.

தபால் பெட்டிக்கு இரண்டு கட்சிகளின் தாள்களும் வந்தன. தமிழ்ப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்றில் தலைமுறைகளை இணைக்கும் பாலம் என்று போட்டிருந்தது. அதில் ஏறி பஸ் பிடிக்க முடியாது. நம் பாலத்தைப் பற்றி இரண்டிலும் ஒன்றும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்த நேரம், முதல் கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தமிழ்த் தம்பி ஒருவர் கும்பிட்டார். அம்பாளே அனுப்பிவைத்தது போல் இருந்தது. உட்கார வைத்து, பூஜையில் வைத்த சுண்டலை ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தேன். சாப்பிட்டார்கள், கைகுலுக்கினார்கள், போய்விட்டார்கள்.

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். “என்ன கேட்டீங்க?”

“காரம் சரியா இருக்கான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டேன்.”

மறு வெள்ளி, அதே நேரத்துக்கு அடுத்த கட்சி. அவர்களில் ஒரு சீன அம்மா அழகாக வணக்கம் சொன்னார். ஒரு பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கத்துக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமா? அவர்களுக்கும் சுண்டல். கிண்ணங்களை நிரப்புவதிலேயே நேரம் போய்விட்டது; பாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“நீங்க விசாரிக்கல, அன்னதானம் பண்றீங்க,” என்றாள் மனைவி.

“விளக்கு வெச்ச நேரத்துல வாசலுக்கு வந்தவங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேக்கச் சொல்றியா?”

“அப்ப அவங்க விருந்தாளியா இல்லாத எடத்துல போய்க் கேளுங்க.”

மறுநாள் காலை, மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையில் இரண்டு கட்சிக்காரர்களும் நின்றார்கள். என்னை நம்பாமல் அவளும் ஊன்றுகோலோடு கூடவே வந்தாள். மீன் கடை முன்னால், செருப்பு நனைய, அந்தத் தமிழ்த் தம்பியிடம் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“கண்டிப்பா செஞ்சுடலாம் அங்கிள், வொர்ரி பண்ணாதீங்க லா,” என்றார் உடனே.

“எந்தப் பாலம் தம்பி?” என்றாள் மனைவி. “இந்த ரோட்டுல மூணு இருக்கு.”

தம்பி சிரித்துவிட்டார். பிறகு போனை எடுத்து, அவள் சொன்ன புளோக் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

சீன அம்மாவிடம் எனக்குத் தெரிந்த பட்டறை இங்கிலீஷில் கேட்டேன். வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மேலே எழுதிக் கேட்கலாம், வருவதற்கு வருஷக்கணக்கில் ஆனாலும் ஆகும், வராமலும் போகலாம் என்றார். பிறகு, அதில் எத்தனை படி என்று கேட்டார்.

மனைவியிடம் திரும்பித் தமிழில் கேட்டேன். இருபது வருஷமாக ஏறி இறங்குகிறேன்.

“ஏற நாப்பத்தாறு, எறங்க நாப்பத்தாறு,” என்றாள் மனைவி, யோசிக்காமல். ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டுதான் அவள் கோயிலுக்கு வந்திருக்கிறாள். கூடவே நடந்த எனக்கு அது தெரியவில்லை. அந்த எண்ணை இங்கிலீஷில் சொன்னேன்.

ஓட்டுக்கு முந்தின நாள், பிரசாரம் கூடாத அந்த ஒரு நாள், வீட்டில் உட்கார்ந்து யோசித்தோம். உடனே ஒத்துக்கொண்டவரா, முடியாமலும் போகலாம் என்றவரா? வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் மடித்து வைத்து அம்பாளிடமே கேட்டுவிடலாம் என்றேன்.

“காதால கேட்டாச்சு, கண்ணால பாத்தாச்சு. அவளை ஏன் தொந்தரவு பண்றீங்க? புத்திதான குடுத்திருக்கா,” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஓட்டு. மறைப்புக்குள் போய் இரண்டு பதிலையும் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, குறியைப் போட்டேன். யாரும் சொல்லித்தராமல் போட்ட முதல் ஓட்டு. வெளியே வந்து பார்த்தால் அவள் இன்னும் உள்ளே நின்றாள்.

“யாருக்குப் போட்ட?” என்றேன், வந்ததும்.

“ரகசியம்னு தமிழ்லயும்தான எழுதி ஒட்டியிருக்காங்க. படிக்கலையா?”

லிப்ட் இன்னும் வரவில்லை. ஜெயித்தவர்கள் வாரம் ஒரு சாயங்காலம் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் மக்களைப் பார்த்துக் குறை கேட்கிறார்கள். அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய், நம்பர் வாங்கி வரிசையில் உட்காருகிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை.