மெல்வின் வர வேண்டாமென்ற தீவு

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. விடிந்தது முதல் மூடுபனி. பத்து மணிக்குமேல் சாரலும் சேர்ந்துகொண்டது. எதிர்வீட்டுச் சில்வர் ஓக் மரங்கள் பாதிக்குமேல் தெரியவில்லை. குடையை மடக்காமலேயே என் வாசலில் வந்து நின்ற ஜெயமேரி, வழக்கமான வணக்கத்தையும் மறந்து, கைப்பேசியை என்முன் நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க, டீச்சர். பெத்தவளுக்கு எழுதற எழுத்துங்களா இது?"

அவருடைய ஒரே மகன் மெல்வின் அனுப்பிய செய்தி அது. ‘அம்மா, இங்க வர வேண்டாம். மாலத்தீவுக்குப் போ. அங்கயும் இதே மீன்தான். காரணம் கேக்காதே’ என்றிருந்தது.

நான் இருமுறை படித்தேன். முதல்முறை குறையொன்றும் தோன்றவில்லை. இரண்டாம் முறை கடைசி வரி உறுத்தியது. காரணம் இல்லாதவன், காரணம் கேட்காதே என்று எழுத மாட்டான்.

மெல்வின் என்னிடம் படித்தவன். தென்கிழக்கே உள்ள ஒரு தீவில், திமிங்கலச் சுறாவோடு நீந்த வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விடும் நிறுவனமொன்றில் இரண்டாண்டுகளாக வேலை செய்துவந்தான். அவன் பிழைப்பைக் கருதி அத்தீவின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் தாய்க்கு ஒரு காணொளி அனுப்பினான். மினி லாரி நீளத்துக்கு ஒரு மீன். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அதன் பக்கத்தில் மெல்வின் ஒரு தவளையளவில் நீந்திக்கொண்டிருந்தான். அந்தக் காணொளியை ஜெயமேரி மாதாகோவிலில் காட்டினார், பஸ்ஸில் காட்டினார், என்னிடம் மட்டும் நான்கைந்து முறை காட்டினார்.

"இந்த மலையில பெருசா எது வந்தாலும் எதையாவது மிதிச்சுட்டுத்தானுங்க போவுது. இது நொம்பப் பெருசா இருந்துக்கிட்டு யாரையும் ஒண்ணும் பண்ணல பாருங்க. இது பக்கத்துல ஒருக்கா நீந்திப் பாக்கோணும்" என்பார்.

அவருக்கு நீந்தத் தெரியும். காப்பிப் பழம் கழுவும் கொட்டகைக்கு நீர் தரும் எஸ்டேட் குட்டையில், சிறுமியாக இருந்தபோதே ஆண்பிள்ளைகளுக்குப் போட்டியாகக் குதித்தவர். ஐம்பத்தொன்பதாம் வயதில் ஓய்வு பெற்றதும் கடவுச்சீட்டு எடுத்தார். எங்கள் ஊர்க் கடைவீதியான ஒண்டிக்கடையில் தையற்கடை வைத்திருக்கும் அமுதாவிடம், கைகால் முழுவதும் மூடும்படி ஒரு நீச்சல் உடைக்கும் அளவு கொடுத்துவிட்டார். மகன் இருக்கும் ஊரே போகும் ஊர் என்பதில் அதுவரை யாருக்கும் ஐயமில்லை. இப்போது அவனே வேறோர் ஊரைக் காட்டுகிறான்.

ஜெயமேரியைப் பற்றி அறியாதவர்களுக்கு அவருடைய தொழிலைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். கணவர் மரியஜோசப் லாரி விபத்தில் இறந்தபின், மாரமங்கலம் பாதையிலுள்ள ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஆளாகச் சேர்ந்து, பின்னர் ரைட்டர் ஆனார். ஆட்களுக்கு வருகை குறித்து, மாலையில் அவரவர் பறித்த பழத்தை எடைபோட்டு வாங்குவது ரைட்டரின் பொறுப்பு. எடைக்காகச் சிலர் சாக்கின் அடியில் பச்சைக்காயைப் போட்டு மேலே சிவந்த பழத்தைப் பரப்பிவிடுவார்கள். மற்ற ரைட்டர்கள் மேலே பார்த்து வாங்கினார்கள். ஜெயமேரி தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

அந்தப் பழக்கம் எஸ்டேட்டோடு நிற்கவில்லை. சந்தையில் அவர் வருவதைக் கண்டால் ஆரஞ்சு விற்பவர் கூடையைத் தாமே கவிழ்த்துக் காட்டிவிடுவார். திருவிழா அன்னதானத்தில்கூட அவர் கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டுக் கிளறுவதைப் பார்த்துப் பங்குத்தந்தை சிரித்ததுண்டு. ‘அடிமூட்டை மேரி’ என்பது அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர். முன்னால் வழங்கியிருந்தாலும் அவர் வருந்தியிருக்க மாட்டார்.

ஒரு முறை, பள்ளி விடுமுறையில் மெல்வினும் பழம் பறிக்கப் போனான். அவனுக்குப் பதினான்கு வயது. அவன் சாக்கிலும் அடியில் பச்சைக்காய் இருந்தது. மற்றவர்களுக்குக் கையை வெளியே எடுத்துத் தலையை அசைப்பதோடு விட்டுவிடும் ஜெயமேரி, மகனுடைய சாக்கை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் தரையில் கொட்டினார். ரைட்டர் மகனுக்குச் சலுகை என்று எவரும் பேசிவிடக் கூடாதென்று அப்படிச் செய்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். அதன்பின் மெல்வின் எஸ்டேட்டுக்குள் கால் வைக்கவில்லை. வேலை தேடும் வயது வந்ததும் கடல்தாண்டிப் போய்விட்டான்.

செய்தி வந்த மறுநாளே ஒண்டிக்கடை முழுவதும் ஐயங்கள் முளைத்துவிட்டன. நீச்சல் உடையின் தோள்பட்டையில் ஊசி குத்திக்கொண்டே அமுதா ஒரு கருத்தைச் சொன்னாள்.

"அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டானாட்ட இருக்குதுங்க்கா. மாமியாக்காரி வந்தா ஊட்டுக்குள்ள கைய வுட்டுப் பாத்துருவான்னு அவ பயப்படறா."

"நீ மொதல்ல இந்தச் சட்டைக்கு ஒழுங்கா அளவு பாரு" என்றார் ஜெயமேரி. ஆனால் திரும்பி நடக்கும்போது, அப்படியும் இருக்குமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். வேலை போய், சொல்ல வெட்கப்படுகிறான் என்பது என் ஐயம். அதை நான் சொல்லவில்லை. அவரும் அதையே நினைத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு ஊர்களையும் முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். மாலத்தீவிலுள்ள ஒரு படகுக்காரருக்கு நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் அனுப்பிய விடை சுருக்கமாக இருந்தது. மீனைத் தேடிப் படகில் போவோம், கண்டால் இறங்கலாம், காணாமல் திரும்பியவர்களும் உண்டு, உறுதி சொல்ல இயலாது. இதைத் தமிழில் சொன்னதும் ஜெயமேரி நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு தூரம் ஒத்துக்கொள்பவன் வேறு எதையோ மறைக்கிறான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

மெல்வினுடைய நிறுவனத்தின் இணையப்பக்கத்திலோ நாள்தோறும் காலை ஆறு மணி முதல் நண்பகல்வரை மீனைக் காண்பது உறுதி என்றும், காணாதவர்கள் மறுநாள் இலவசமாக வரலாம் என்றும் எழுதியிருந்தது. அதை நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை ஜெயமேரி உன்னிப்பாகக் கேட்டார். பிறகு பழைய காணொளியைப் போடச் சொன்னார். அதன்பின் மெல்வின் அனுப்பிய வேறு சில காணொளிகளையும் போடச் சொன்னார்.

"காட்டெருமை தெனமும் காத்தால இந்த மேட்டுல வந்து நிக்கும்னு ஒருத்தன் உறுதி சொன்னா, நீங்க என்னுங்க நெனப்பீங்க?"

"யாரோ உப்பு வைத்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைப்பேன்."

"அதேதானுங்க. இங்க பாருங்க. நீந்தற மீனு எதுக்குங்க இப்புடி நட்டுக்குத்தலா நிக்கோணும்?"

புதிய காணொளிகளில் மீன், நட்டுவைத்த தூண்போல நீரில் நிமிர்ந்து நின்று, ஒரு சிறு படகின் ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. மேலுதட்டில் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. படகிலிருப்பவரின் கை மட்டும் திரைக்குள் வந்து வந்து போயிற்று. பலமுறை பார்த்த எனக்கு இவற்றில் எதுவும் கண்ணில் பட்டதில்லை. அவருக்கும் அன்றுதான் பட்டது. மகன் முகம் தெரிந்தால் வேறொன்றும் தெரிவதில்லையே.

நிறுவனத்துக்கே பேசிவிடலாம் என்றார். இணையப்பக்கத்திலிருந்த எண்ணை அழைத்து, இருவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தேன். இனிய குரலுள்ள ஒரு பெண் பேசினாள். மீன்கள் எப்படி நாள் தவறாமல் வருகின்றன என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு படகுக்காரர் உண்டு. அவர் சிறு இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே இருப்பார். பயணிகள் நீந்தி முடிக்கும்வரை மீன் அவரை விட்டு நகராது என்றாள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், மெல்வின் என்று பெயர், அங்கே இருக்கிறானா என்று கேட்டேன்.

அவள் குரலில் மகிழ்ச்சி கூடிற்று. மெல்வினா? எங்களிடம் இரை தூவுபவர்களில் அவர்தான் சிறந்தவர். அவர் படகை எந்தப் பக்கம் திருப்பினாலும் மீன் பின்னாலேயே வரும். உங்களுக்கு அவரையே ஏற்பாடு செய்யட்டுமா?

அதுவரை உடனுக்குடன் தமிழில் சொல்லிவந்த நான் இதையும் சொல்லத் தொடங்கினேன். ஜெயமேரி கையைக் காட்டி நிறுத்தினார். மகனுடைய பெயரும் அந்தப் பெண்ணின் குரலும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

வெளியே சாரல் நின்று பனிமட்டும் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. காப்பி கலந்து கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை இறக்கி வைத்தார்.

"வேற பொம்பளையும் இல்ல, வேலையும் போவல. இரையப் போட்டு மீனக் கட்டிவெச்சுக் காட்டறதுக்கு வெக்கப்பட்டுத்தான் வர வேண்டாம்னிருக்கான். நானு வந்தா அடில கைய வுடுவேன்னு அவனுக்குத் தெரியுமுங்க."

அப்போதே அவருடைய கைப்பேசி அடித்தது, மெல்வின்தான். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்தார். இப்போது எல்லாவற்றையும் கேட்டுவிடப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லு கண்ணு. சாப்ட்டியா?"

"ஆச்சும்மா. மாலத்தீவுக்குப் பதிஞ்சிட்டியா?"

"டீச்சரு பாத்துக்கிட்டிருக்காங்க சாமி."

"அங்கதாம்மா போவோணும். இங்க அலை நொம்ப அதிகம். உனக்கு ஒத்துக்காது."

"செரி கண்ணு."

அலையைப் பற்றி அவன் சொன்னது பொய் என்பது மூவருக்கும் தெரியும். காணொளிகளில் கடல் குட்டைத் தண்ணீரைப் போலக் கிடந்தது. ஜெயமேரி மறுப்பேதும் சொல்லாமல், மழைக்காலத்தில் பழம் வெடித்துக் கொட்டுவதைப் பற்றியும், அமுதா தைத்த உடையின் கழுத்து இறுக்குவதைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

இனி மாலத்தீவுதான் என்று நான் எண்ணினேன். இரை வைத்துப் பிடித்து நிறுத்தாத மீன். உண்மை சொல்லும் படகுக்காரர். மகனுக்கும் மனச்சங்கடம் இல்லை. பயணச்சீட்டுப் பதிவதற்காக மடிக்கணினியைத் திறந்து, தேதியைக் கேட்டேன். தேதியைச் சொன்னவர், ஊரை மட்டும் மாற்றச் சொன்னார்.

"அவன் இருக்கற ஊருக்கே போட்டுருங்க, டீச்சர். அவங்கிட்டச் சொல்ல வேண்டாம்."

எனக்கு உண்மையாகவே அச்சமாயிற்று. காப்பிக் களத்தில் கொட்டிக்கிடந்த பச்சைக்காய்களும், அவற்றைப் பார்க்காமல் நின்ற பையனும் என் மனக்கண்முன் வந்தன. அத்தனை பயணிகள் முன்னிலையில் மறுபடியும் சாக்கைக் கொட்டவா போகிறீர்கள் என்று கேட்டேன். என் குரல் நான் எண்ணியதைவிடக் கடுமையாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. அன்று பையனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும் என்றும், எதற்காக அப்படிச் செய்தான் என்பதைக் கேட்க இன்றுவரை வாய் வரவில்லை என்றும் சொன்னார். கைப்பேசியில் கேட்டால் அவன் இன்னொரு அலையைச் சொல்வான். நேரில் கேட்டால் அப்படிப் பொய் சொல்ல மாட்டான் என்றார். இதில் எனக்கு முழு நம்பிக்கை பிறந்தது என்று எழுத மாட்டேன். எழுபது கடந்த என் வயதில், தோள்வரை போன ஒரு கை அவ்வளவு எளிதாகத் திரும்பி வருமென்று நம்புவது கடினம்.

பயணச்சீட்டைப் பதிந்தேன். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு தம்ளரில் ஆறிக்கிடந்த காப்பியைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படியில் இறங்கியவரை நிறுத்தி, அமுதா தைத்த உடை தயாராக இருக்கிறதே, அந்த மீனோடு நீந்துவீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க, டீச்சர். அவன் வேலை முடிச்சு வர்ற வரைக்கும் கரையில நிப்பனுங்க."