கியர் லீவர் பக்கம் கசிந்த ஆயில்

சொல்ல வந்தவை மூன்று:
1. என் பழைய பைக்கில் ஆயில் எங்கே கசிந்தது.
2. அதைக் கண்டுபிடித்தவர் யார்.
3. அவர் மீது எனக்குப் பொறாமை இல்லை.

சேலையில் கறைபடுகிறது என்று என் மனைவி பைக்கில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்று நாள் இன்ஜினைத் துடைத்து, முகப்பவுடர் தூவி, எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பவுடர் நனையவே இல்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு நடராஜ் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, நிக்கற வண்டி எப்படீங்க ஒழுகும்? ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரே நிமிடத்தில் கியர் லீவர் அருகே பவுடர் கறுத்தது. புது ஆயில் சீல் வாங்கிவந்து அவரே மாட்டினார்.

"உங்க கை பட்டாப் போதுமுங்ண்ணா," என்றாள் மனைவி. நாற்பது வருடத்தில் என் கையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

மாலையில் அவளோடு பீளமேடு வரை போய்வந்தேன். சேலையில் கறை இல்லை. வழியெல்லாம் நடராஜ் புராணம்.

மூன்றாவதாகச் சொன்னது தவறு.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எதையும் பழுதுபார்க்கத் தெரியாத தெரு இருந்தால் சொல்லுங்கள், குடிவருகிறேன்.