குறுக்கே நின்ற வக்கீல்

சாட்சி ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். குமாஸ்தா வந்து, வரிச்சிக்குடியில் ஞானசேகரன் அண்ணனைச் சுட்டுவிட்டார்கள் என்றார். கறுப்பு அங்கியோடே ஓடினேன். காரைக்கால் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. மார்பைப் பார்க்க முடியவில்லை.

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரே அறையில் அண்ணனும் நானும் வக்கீல் தொழில் பார்த்தோம். வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திருப்பித் தருவார்கள். ஒருமுறை கோட்டுச்சேரிக்காரர் ஒருவருக்குத் தரவில்லை. அவர் கொலைக்கு அஞ்சாதவர் என்று கூடப்பிறந்த தம்பியே மனுக் கொடுத்திருந்தார். தோண்டிப் பார்த்தால் வரப்புத் தகராறு, மனு முழுக்கப் புளுகு. அண்ணன்தான் வாதாடி மீட்டுக் கொடுத்தார். அதன்பிறகு யார் கேட்டாலும் ஒரே பேச்சுதான்.

“ஒருத்தன் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அவன் பொருளப் புடுங்கக் கூடாதுங்க.”

உயிர் போனபிறகு யாருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பீர்கள் என்று நான் எகிறுவேன். அவர் சிரித்துக்கொண்டே டீ சொல்லுவார்.

இந்தத் தேர்தல் முடிந்ததும் வரிச்சிக்குடி ராஜமாணிக்கத்தின் துப்பாக்கியைத் திருப்பித் தராமல் நிறுத்தி வைத்தார்கள். குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்துச் சுடுகிறான், அடுத்த குண்டு தனக்குத்தான் என்று மனைவி செல்வி எழுதிக் கொடுத்திருந்தார். துப்பாக்கி காவல் நிலையத்திலேயே இருக்கட்டும், நாளைக்கே விசாரிக்கட்டுமே என்றேன். அண்ணன் மசியவில்லை. அவனுக்கு நோட்டீஸே தரவில்லை என்று வாதாடி, விசாரணை முடியும்வரை துப்பாக்கி அவனிடமே இருக்க உத்தரவு வாங்கினார்.

விசாரணை நாள் வருவதற்குள் செல்வி அண்ணனுக்குப் போன் செய்தார். மண்டையை உடைத்துவிட்டுத் தோட்டா போடுகிறான், நீங்கள் சொன்னால்தான் கேட்பான் என்று கதறினாராம். அண்ணன் ஸ்கூட்டரில் பறந்தார். செல்விக்குக் குறுக்கே நின்று, துப்பாக்கியைக் கொடு என்று கை நீட்டினார். நெஞ்சில் வாங்கினார். ஊரார் உலக்கையால் அடித்து ராஜமாணிக்கத்தின் வலக்கையை நொறுக்கினார்கள்.

தலையில் கட்டோடு வந்த செல்வி பாடை அருகே நின்று என்னிடம் சொன்னார்: “துப்பாக்கிய வாங்கிக் குடுத்ததும் இவருதாங்க, குறுக்க வந்து நின்னதும் இவருதாங்க. நான் அழுவறதா, மண்ண வாரித் தூத்துறதா?”



சுட்டவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவன் கழுத்தை நெரிக்கத் துடித்துக்கொண்டிருந்த என் கை மட்டும் எழவில்லை. அண்ணன் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் என்ன கத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கிளைச்சிறைக்கு வக்காலத்துத் தாளோடு போனேன். ராஜமாணிக்கம் கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்தான். ஏறிட்டுப் பார்க்காமல் அழுதான்.

“எனக்கு ஞானசேகரன் ஐயாவ விட்டா வேற வக்கீலு யாரயும் தெரியாதுங்க.”

அவன் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன். அருவருப்பாக இருந்தது அண்ணே. ஆனாலும் ரேகை வாங்கிவிட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.