சித்தப்பா பக்கத்து சீட்

ராட்டினத்துக்கு மார்க் போடுகிற வழக்கம் திண்டிவனத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீடு என்றால் எல்லோரும் இல்லை, சித்தப்பாவும் நானும்தான். அப்பாவுக்கு ஏணியில் நாலு படி ஏறினாலே கால் நடுங்கும். அம்மாவைப் பொறுத்தவரை ராட்டினம் என்பது பிள்ளைகள் தொலைந்துபோகிற இடம்.

சித்தப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. சுற்றுவட்டாரத்தில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் எல்லாம் அங்கே வந்துதான் உயிர் பிழைக்கும். வாரம் ஆறு நாளும் செம்புக் கம்பியும் கையுமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர், எந்த ஊருக்காவது ராட்டினம் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குளித்துவிட்டு நிற்பார். கூடவே நானும் நிற்பேன். பெருமுக்கல் திருவிழாவில் கையால் சுற்றுகிற தொட்டில் ராட்டினம், அனந்தபுரத்துக்கு வந்த பாதி விளக்கு எரியாத ஜெயன்ட் வீல், எதையும் நாங்கள் விட்டதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அவர் பக்கத்து சீட் என்னுடையது. அதில் வேறு யாராவது உட்காரக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்களுக்கென்று சட்டமும் இருந்தது. எதில் ஏறினாலும் முன்னால்தான் உட்கார வேண்டும். கண்ணை மூடக் கூடாது. இறங்கியதும் மார்க் சொல்லிவிடக் கூடாது, பஸ் ஏறி மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, அவித்த கடலையை உரிக்க ஆரம்பித்த பிறகுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா உயரம், வேகம், மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் யோசித்துப் பத்துக்கு ஆறரை, ஏழேகால் என்று நகைக்கடைக்காரர் எடை சொல்வதுபோல் சொல்வார். நான் போடும் மார்க்குக்கும் ராட்டினத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மேலேயிருந்து இறங்கும்போது சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாரோ அவ்வளவு மார்க்.

அந்த வருடம் கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் பொருட்காட்சி போட்டார்கள். ரோலர் கோஸ்டர் வந்திருக்கிறது என்று ஆட்டோவில் மைக் கட்டி எங்கள் ஊர்வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா புதுச் சட்டை போட்டார். அம்மா எனக்கு இரண்டு கை பவுடர் அப்பி, "சித்தப்பா கைய வுடாத. யாரு என்ன பேசறாங்கன்னு நல்லா பாத்துக்கினு வா" என்று அனுப்பினாள். வழக்கமாகத் தொலைந்துபோகாதே என்று மட்டும் சொல்கிறவள் இவ்வளவு மரியாதை தருகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அது பெண் பார்க்கிற ஏற்பாடு என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு மூன்று வருடமாகப் பெண் பார்த்து எதுவும் கூடி வராமல் இருந்தது. வீடு தேடிப்போய் சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வதைவிட, பொது இடத்தில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்துக்கொள்ளட்டும் என்பது தரகரின் யோசனை. அவர் சொன்னது கோயில். அதைப் பொருட்காட்சி என்று மாற்றியது சித்தப்பா.

பெண் முகையூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மஞ்சள் சுடிதாரில் தன் அண்ணனோடு வந்திருந்தாள். அந்த அண்ணன் சித்தப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, "நான் அந்தாண்ட டெல்லி அப்பளம் துன்னுகினு இருக்கேன், நீங்க சுத்திப் பாருங்க" என்று நகர்ந்துவிட்டார். "யாரு சித்தப்பா இவங்க?" என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க" என்றார். அவருடைய காது சிவந்திருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இப்படியே போனால் அந்த அக்கா சலித்துப்போய் அண்ணனிடம் அப்பளம் தின்னப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் மைதானத்தின் கடைசிக்கு வந்துவிட்டோம். நீலப் பெயின்ட் அடித்த தண்டவாளம் ஏறியும் வளைந்தும் இறங்கியும் கிடந்தது. ஐந்து பெட்டி, பெட்டிக்கு இரண்டு பேர். சித்தப்பா அண்ணாந்து பார்த்து, அந்த அக்காவிடம் முதன்முதலாக வாய் திறந்தார்.

"பரவால்ல, நல்ல ஹைட்டு."

"ஹைட்டுல என்னாங்க இருக்குது? பனமரங்கூடதான் ஹைட்டா இருக்குது" என்றாள் அந்த அக்கா.

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். ராட்டின விஷயத்தில் அவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தெரிந்தவர்கள் எங்களுக்குப் பழக்கமும் இல்லை. இறங்கும்போது வயிறு காலியாக வேண்டுமென்றால் உயரம் வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"வயிறு காலியாவறது ஒரு செகண்டுங்க. அதுக்கு முன்னாடி சங்கிலி டக்கு டக்குன்னு மெதுவா இழுத்துக்கினு போவுது பாருங்க, அப்பவே பயம் வரணும். ஏறறப்போ பயம் காட்டாத ராட்டினம் எறங்கறப்போ என்ன பண்ணாலும் வேஸ்ட்டு."

"அந்தச் சங்கிலி சத்தத்துலதாங்க எல்லாமே இருக்குது. இது பேரிங் புதுசு, கேக்கறப்பவே தெரியுது."

"பேரிங்க யாருங்க கேட்டா?" என்று சிரித்தாள். பக்கத்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. கல்லூரியில் படிக்கும்போது சென்னைப் பக்கம் ஒரு பெரிய பூங்காவுக்கு டூர் போய், மற்றவர்கள் எல்லாம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்க, தான் மட்டும் நாள் முழுக்க ஒரே ரோலர் கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏறியதைச் சொன்னாள். சித்தப்பா வாயைப் பிளந்து கேட்டார். நான் அவர் கையை ஆட்டிப் பார்த்தேன். அவர் குனியவில்லை. எனக்குக் காதோரம் சுட்டது. பொறாமை என்ற சொல் எனக்கு அப்போதே தெரியும், பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியிருந்தோம். ஆனால் அது காதோரம் சுடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் தடவை சட்டப்படி சித்தப்பாவும் நானும் முன்பெட்டியில் ஏறினோம். அந்த அக்கா தனியாகப் போய்க் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தாள். இறங்கி வந்ததும், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியலங்க" என்றாள். "முன்பெட்டி உச்சியத் தாண்டினாலும் பின்னாடி இருக்கறது ஏறி முடிக்கறவரைக்கும் மெதுவாதான் போவும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வர்றப்போ மொத்த ரயிலும் கீழ இழுத்துக்கினு இருக்கும். முன்னாடி உக்கார்றவங்க பாக்கறாங்க, அவ்ளோதான். பின்னாடி உக்கார்றவங்கதான் வுழறாங்க."

சித்தப்பா யோசித்தார். அப்புறம் என் தலையில் கை வைத்து, "பாப்பா, ஒனக்கு முன்னாடிதான புடிக்கும்? நீ முன்னாடியே உக்காந்துக்கோ" என்றார்.

இரண்டாவது தடவை என் பக்கத்தில் உட்கார்ந்தவர், வளையம் போடும் கடையில் ஜெயித்த பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்திருந்தார். இறங்கும்போது அந்தக் குடத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து "ஐயோ அம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. அதன் பிறகு ஒரு சிரிப்பு. அது சித்தப்பாவுடைய சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னோடு ஏறிய எந்த ராட்டினத்திலும் அவர் அப்படிக் கத்தியதும் இல்லை, சிரித்ததும் இல்லை. கீழே வந்ததும், "பின்னாடிதாங்க, பின்னாடிதான்!" என்றார். ஐந்து வருடச் சட்டத்தை ஒரே நிமிடத்தில் கைவிட்டுவிட்டு, மூன்றாவது தடவையும் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அந்த அக்கா எனக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்தாள். பல்வலி என்று சொல்லி வாங்க மறுத்தேன். கிளம்பும்போது அவள் சித்தப்பாவிடம், "நல்ல ராட்டினம்னா எறங்குன உடனே மறுபடியும் போய் க்யூவுல நிக்கத் தோணணுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் நான் வருவேன்" என்றாள்.

"அது பொருட்காட்சிக்கே கடைசி ஞாயிறுங்க, கூட்டமா இருக்குமே" என்றார் சித்தப்பா.

"இருந்தா இருக்கட்டுமே" என்றாள்.

சித்தப்பாவின் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. நம்பர் கேட்கலாம் என்பது அந்த மனிதருக்குத் தோன்றியிருக்குமா என்பதே சந்தேகம்.

பஸ்ஸில் நான் மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, "எவ்ளோ மார்க்கு சித்தப்பா?" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை அதே சிரிப்பு. மல்லாட்டையை நானே தின்று முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். அது பின்னுகிற நேரமே இல்லை. அப்பா பக்கத்தில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், ஆனால் பக்கம் புரட்டவில்லை. "அந்த அக்கா நம்ம ஊட்டுக்கே வந்துட்டா எப்டிடீ இருக்கும்?" என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, தினமும் சித்தப்பா பக்கத்தில் அவள் இருப்பாள்.

"அது சித்தப்பா என்னா சொன்னாலும் எதுத்து எதுத்துப் பேசுச்சும்மா. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னு சொல்லுச்சு. எல்லாரும் திரும்பிப் பாக்கற மாதிரி சிரிச்சிச்சு. வர்றப்போ பஸ்ஸுல சித்தப்பா ஒரு வார்த்தகூடப் பேசல, மார்க்குகூடப் போடல."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சித்தப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன். மறந்துபோய் விடவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

அப்பா பேப்பரை மடித்தார். "இப்பவே ஒண்ணும் தெரியலன்னு சொல்லுதுன்னா..." என்று இழுத்தார். சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு என்ன என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா முன்னறைக்குப் போய், "ஒனக்கு எப்டிடா தோணுது?" என்று கேட்டார். சித்தப்பா காயிலிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க பாத்து எது சொன்னாலும் சரிண்ணா" என்றார். எங்கள் வீட்டு ஆண்கள் முழு மனதோடு சம்மதம் சொல்வது அப்படித்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போன அப்பாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. இரண்டு நாள் கழித்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பாவிடமும் அதையேதான் சொன்னார். "சரிண்ணா" என்றார் சித்தப்பா.

பிறகு அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நல்ல சித்திதான், குறை சொல்ல முடியாது. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும் அவளுக்கு.

அதெல்லாம் பிறகு. தரகரிடம் சொல்லி அனுப்பிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காலையிலேயே குளித்துவிட்டு, அதே புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "பாப்பா, விழுப்புரம் போலாமா?" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஒழிந்தாள், சீட் திரும்பக் கிடைத்தது.

ஆனால் அன்றைக்குச் சித்தப்பா ராட்டினத்தில் ஏறுகிற வழியாக இல்லை. க்யூவில் எங்கள் முறை வரும்போதெல்லாம், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று பின்னால் இருப்பவர்களை முன்னால் விட்டுக்கொண்டே இருந்தார். கூட்டம் நெரித்தது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் வலித்து, இந்தப் பக்கம் டிக்கெட் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே அந்த அக்கா நின்றிருந்தாள். கூட அண்ணன் இல்லை. புடவை கட்டியிருந்தாள். குதிகாலைத் தூக்கித் தூக்கிக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பார்வை எங்கள் பக்கம் திரும்புவதற்குள் நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஜல்தி வா சித்தப்பா. இப்ப ஏறலன்னா நான் அழுவேன்."

"கொஞ்சம் இரு பாப்பா. இன்னும் ஒரே ஒரு வாட்டி வுட்டுட்டு..."

நான் நிஜமாகவே அழுதேன். அழுகை வரவழைக்க அன்றைக்குக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். சித்தப்பா கடைசியாக ஒரு தடவை வாசலைப் பார்த்துவிட்டு ஏறினார். முன்பெட்டியில் அவரும் நானும் உட்கார்ந்தோம். ரயில் மேலே போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். அவள் க்யூவின் வால்வரை போய்விட்டு, மறுபடியும் கவுண்டருக்கே திரும்பி நின்றுகொண்டிருந்தாள். இறங்கும் வழி கவுண்டருக்கு எதிர்ப் பக்கம். அம்மா திட்டுவாள் என்று சொல்லி, சித்தப்பாவை அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பத்துக்குப் பத்து என்றேன். சித்தப்பா "சரி" என்றார். எனக்கு அந்த அக்காமேல் கோபம்கூடத் தணிந்திருந்தது. ராட்டினத்துக்காக ஒருத்தி முகையூரிலிருந்து தன்னந்தனியாக, அதுவும் புடவை கட்டிக்கொண்டு வருவாளா என்று வேடிக்கையாக இருந்தது. அவள் கையில் இரண்டு டிக்கெட்டைப் பார்த்திருந்தேன். இறங்கின உடனே மறுபடியும் ஏறுவதற்காக முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.