சுவிட்சில் கட்டிய லேஞ்சி

தெல்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மெஷின்களையெல்லாம் கணினியில் வகைப்படுத்த, கண்டி டவுனில் இருந்த எங்கள் ஆபீஸ் என்னை அனுப்பியது. எந்த மோட்டர் எந்த வேலைக்காக ஓடுகிறதோ, அந்த வேலையின் கீழே அதைச் சேர்க்க வேண்டும். கொழுந்து வாட்டுவது ஒரு கிளை, அரைப்பது ஒரு கிளை, காயவைப்பது இன்னொரு கிளை. பழுதுபார்க்கும்போது எந்தெந்தச் சுவிட்சுக்குப் பூட்டுப் போடுவது என்ற லிஸ்ட், அந்தந்தக் கிளையிலிருந்து தானாக வந்து விழும். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியாததா என்று ஒரு மிதப்பு.

அங்கே இருந்த ஃபிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மெஷினுக்குள் கை விடுமுன் கழுத்தில் கிடக்கும் சிவப்புத் துணியை, அந்த லேஞ்சியை, அவிழ்த்து, அதன் சுவிட்சில் இறுக்கி முடிந்துவிட்டுத்தான் வருவார். அது தொங்கிக்கொண்டிருந்தால், தோட்டத்துத் துரையே சொன்னாலும் அந்தச் சுவிட்சை ஒருவரும் தொடமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இனிமே பூட்டு இருக்குண்ணே, லிஸ்ட் இருக்கு. இந்தத் துணியெல்லாம் வேணாம்" என்றேன்.

ட்ரையருக்குப் பின்னால் ஒரு ஃபேன் இருந்தது. மீந்த சூட்டை இழுத்து, மழை நாளில் ஈரக் கொழுந்து வாட மாடிக்கு அனுப்புவது அதன் வேலை. ஃபேன் கீழே, சுவிட்ச் மாடியில். வேலையைப் பார்த்து அதை வாட்டும் கிளையில் போட்டேன். விதிப்படி அது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் எந்தப் பொறியியலாளரும் சொல்வார்.

ட்ரையரைச் சுத்தம் செய்ய முதல் லிஸ்ட்டைக் கொடுத்த அன்று, அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"மேல உள்ள சுவிச்சு இதுல இல்லீங்களே, மிஸ்?"

"அது வாட்டுற பக்கத்தோடது. உங்க லிஸ்ட்ல வராது."

"நான் எப்பவும் ஏறிப்போய்க் கட்டிட்டுத்தான் வருவேன்."

"லிஸ்ட்ல இல்லாததுக்கு எதுக்குண்ணே படியேறுறீங்க?"

படித்த பிள்ளை சொல்கிறதே என்று அவர் ஏறவில்லை. கீழே ஐந்து சுவிட்சுக்கும் ஒழுங்காகப் பூட்டுப் போட்டார். பத்து மணிபோல மழை பிடித்தது. மாடியில் கொழுந்து வாட்டுகிறவர், லேஞ்சி எதுவும் தொங்காததைப் பார்த்து, சுவிட்சைப் போட்டுவிட்டார். ட்ரையரோடு சேர்த்து ஃபேனையும் துடைக்க, ஃபிட்டரின் வலது கை அப்போது அதன் இறக்கைக்குள் இருந்தது.

பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மனைவி என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஃபிட்டருக்குப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் போய்விட்டன. தவறு என்னுடையது என்று விசாரணையில் சொன்னேன். மென்பொருளில் பிழை இல்லை, நடைமுறையில் ஒரு விடுபடல் என்று எழுதிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஃபேனை இரண்டு லிஸ்ட்டிலும் வரும்படி மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

ஆறேழு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். மறுபடியும் ட்ரையர். புதிய லிஸ்ட்டை நீட்டினேன். இடது கையால் வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். பூட்டைப் போட்டார். பிறகு கழுத்திலிருந்து லேஞ்சியை உருவி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே கட்டிவிடுங்க, மிஸ். எனக்கு இப்ப முடிச்சுப் போட வர்றதில்ல."

சுவிட்சில் சுற்றிக் கட்டினேன். அவர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்றார்.